மாப்பிள்ளை பார்த்த பூனையும் எலியும்

"பொண்ணு வீட்டுக்காரங்க நாம எதுர உக்காந்திருக்கோம். முப்பது வயசு ஆம்பள, டிவில பூனை எலிய தொரத்துற பொம்மப் படத்தப் பாத்து இப்பிடியா விழுந்து விழுந்து சிரிப்பான்?"

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில், முன் இருக்கை அம்மாள் தன் தம்பியிடம் கேட்டார். மகளுக்காக மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். டிவி செய்திக்காகக் காத்திருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஐம்பது வயதில் அதே பூனை எலியைத் தினமும் பார்க்கிறவன் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அதுல என்னாக்கா? அந்தப் பூனை சட்டியால அடி வாங்கி, சட்டி மாரியே நசுங்கிப் போச்சு. எனக்கே சிரிப்பு வந்துச்சு. இதுக்காவவா சாப்புடாம எழுந்து வந்த? கை நனைக்கலன்னா சம்மதம் இல்லன்னு நெனச்சுக்க மாட்டாங்க?"

"சிரிச்சதுக்கு இல்லடா. வாசல்ல அவுங்க அப்பா செருமுனாரு பாரு. டக்குனு டிவிய நிறுத்திட்டு எழுந்து நின்னுச்சே அந்தப் புள்ள, மூஞ்சிய பாத்தியா?"

"அது மரியாததானக்கா?"

"மரியாதயா, பயமா? நாளைக்கு நம்ம பொண்ணு அந்தக் கூடத்துல சிரிச்சா?"

அம்மாளின் கைப்பேசி அடித்தது. மகள்தான். கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தார்.

"ஆங், பாத்தோம்மா. நல்லா சிரிக்கிறாரு."

தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அவுங்க அப்பா வெளிய போயிருந்தா மட்டும்."