மாப்பிள்ளை பேரு வரேல்ல

— நில்லு பிரபின், நில்லு. இனி ஒண்ணையும் அழிக்காத. மொதல்ல அந்த ஃபைலை அப்பிடியே ஒரு காப்பி எடுத்து வேற பேருல வை.

— அதுக்கெல்லாம் நேரமில்ல குளோரி. கல்யாணப் பத்திரிகையில வெப்சைட் அட்ரஸையும் அடிச்சு ஊரு முழுக்கக் குடுத்தாச்சு. துபாயில இருந்து மொதலாளிக்க சொந்தக்காரங்க தொறந்து பாத்துட்டு போன் அடிக்கினும். பக்கம் பாதிதான் வருது.

— நேரமில்லாதப்பந்தான் காப்பி எடுக்கணும். கையை வச்சு இன்னும் கெடுத்துட்டன்னா திரும்பிப் போக ஒரு வழி வேண்டாமா? நாம சேந்து படிச்ச காலத்துல இருந்து இதைத்தான சொல்லுதேன்.

— செரி, எடுத்தாச்சு. இனி சொல்லு.

— எதுக்கு இந்தப் பாடு? நானே உள்ள கேறிப் பாத்துடட்டா? சர்வர் பாஸ்வேர்டு எனக்கிட்ட இருக்குல்லா. நீ திருவனந்தபுரத்துல வேலைக்குக் கேறின நாள்ல இருந்து உனக்க ஆபீஸ் சோலியை இங்க முட்டம் ஊருல இருந்து நான்தான செய்யுதேன்.

— வேண்டாம் மக்கா, வேண்டாம்! நீ வாயால சொல்லித் தா, நானே செய்யுதேன். எத்தனை நாளுதான் எல்லாத்தையும் உனக்க தலையில ஏத்துறது? நானும் படிக்கண்டாமா?

— நல்ல புத்திதான். செரி, யாருக்கக் கல்யாணம்னு சொன்ன?

— மொதலாளிக்க மவ அபினாவுக்கு.

— மாப்பிள்ளை?

— யாரோ. களியக்காவிளை பக்கமாக்கும். நமக்கு எதுக்கு அது? எல்லாரும் சாப்பிடப் போயிருக்கினும், அவிய வாறதுக்குள்ள முடிக்கணும்.

— செரி. பக்கத்துல எது வரைக்கும் வருது?

— அபினா பேரு வருது, அவளுக்க போட்டோ வருது. அதுக்குப் பொறவு ஒரே வெள்ளை. மாப்பிள்ளை பேரு வரேல்ல, கோயிலு வரேல்ல, தேதி வரேல்ல. நேத்து வரைக்கும் நல்லாட்டு இருந்துது, சத்தியமாட்டு. நானும் பத்து எடத்துல மாத்திப் பாத்துட்டேன்.

— அதாக்கும் தப்பு. ஒரே மூச்சுல பத்தை மாத்தினா எது கெடுத்துது, எது சரியாக்குச்சுன்னு எப்பிடித் தெரியும்? ஒண்ணை மாத்து, சேவ் பண்ணு, பாரு. பொறவு அடுத்தது. நீ மாத்தினதை எல்லாம் இப்பம் திருப்பி எடு.

— எடுத்தாச்சு.

— ஃபயர்ஃபாக்ஸ்ல எரர் கன்சோலைத் தொற. நீயாட்டு ஊகிச்சுத் தேடிக்கிட்டு இருக்காத, எங்க நின்னுபோச்சுன்னு அதுவே சொல்லும். சிவப்புல கெடக்குற மொத வரியை மட்டும் வாசி. கீழ உள்ளது பாதியும் அதனால வந்ததாத்தான் இருக்கும்.

— ‘குரூம் ஈஸ் நாட் டிஃபைன்டு.’ அப்பிடின்னா என்ன?

— மாப்பிள்ளை யாருன்னு நீ சொல்லேல்லன்னு பறையுது.

— ஏட்டி, வெளையாடாத.

— வெளையாடேல்ல. ஸ்கிரிப்ட்டுல மாப்பிள்ளை பேரை எழுதுன்னு சொல்லியிருக்கு. அது என்ன பேருன்னு மேல எங்கயும் குடுக்கேல்ல. ஸ்கிரிப்ட் அந்த எடத்துலயே நின்னுபோச்சு. பொறவு கோயிலும் தேதியும் எப்பிடி வரும்? மேல போய்ப் பாரு. பொண்ணு பேரு குடுத்த வரி இருக்கா?

— இருக்கு.

— அதுக்கு அடுத்த வரி?

— இல்ல! நான் அடிச்சு வச்ச வரியாக்கும். எங்க போச்சு?

— வரியை அப்பறம் தேடலாம். புதுசா எழுது. பொண்ணு வரியைப் பாத்து அதே மாதிரி. கீழ ‘குரூம்’னு இங்கிலீஷ் சின்ன எழுத்துல இருக்குன்னா மேலயும் சின்ன எழுத்துதான், மாறக்கூடாது. கோட்ஸ் தொறந்தா மூடணும். கடைசியில செமிகோலன். பேரு என்ன போடப்போற?

— என்ன?

— மாப்பிள்ளை பேரு. ஒரு எழுத்து தப்பினாலும் ரெண்டு வீட்டுக்கும் கொறச்சலுல்லா? சொல்லு, எழுத்துக்கூட்டித் தாரேன்.

— ஜி... ஜிபின்.

— ஜிபினா?

— ஆமா. அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ விடு.

— செரி, எழுது. எழுதிக்கிட்டே கேளு. ஈஸ்டர் கழிஞ்சு உனக்க அம்மை எங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வருவாவன்னு சொன்னியே. அப்பா நேத்தும் கேட்டாரு. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆளு பாக்காரு.

— அதைப் பொறவு பேசலாம் குளோரி.

— இந்தக் கம்பெனி இன்டர்வியூவுக்கு ரெண்டுபேரையும்தான கூப்பிட்டாவ? ரெண்டுபேரும் ஒண்ணாட்டு போனா ஊருல பேச்சு வரும், நான் மொதல்ல போறேன், காலூணினதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன. நான் போவேல்ல.

— இப்பம் எதுக்கு இதெல்லாம்?

— சும்மா கேட்டேன். சேவ் பண்ணினியா?

— பண்ணியாச்சு. நில்லு... வந்துட்டு! முழுசும் வந்துட்டு மக்கா! கோயிலு, தேதி, மண்டபத்துக்க வழி, எல்லாம் வந்துட்டு!

— பேரு?

— அதும் வந்துட்டு.

— ஜிபின்னு வந்துட்டா?

— ஆமா, ஆமா. நீ பெரிய ஆளாக்கும்.

— இன்னும் ஒரு சோலி கெடக்கு. உனக்க மிஷின்ல சரியா வந்தா எல்லாருக்கும் அப்பிடியே வரும்னு இல்ல. வேற ஒரு எடத்துல தொறந்து பாக்காம முடிஞ்சுதுன்னு சொல்லக்கூடாது. நான் இங்க தொறக்கேன்.

— வேண்டாம்! குளோரி, நீ தொறக்காத. நான் இங்க வேற யாருகிட்டயாவது...

— தொறந்தாச்சு. நல்ல வடிவாட்டு இருக்கு. ‘அபினா.’ அதுக்குக் கீழ, ‘பிரபின்.’

— குளோரி...

— போட்டோவும் இருக்கு. எங்க லைட் அவுஸ்கிட்ட வச்சு அண்ணன் எடுத்த படம். பக்கத்துல நின்ன என்னை வெட்டிட்ட. ஒழுங்கா வெட்டத் தெரியேல்ல பாத்தியா, உனக்க தோளுல எனக்க வெரலு கெடக்கு.

— நான் சொல்லணும்னுதான் இருந்தேன். மொதலாளி அவரே வீட்டுக்கு வந்து கேட்டாரு. அம்மை அழுது காலுல விழாத கொறை. நான் என்ன செய்ய முடியும்?

— என்னத்தைக் கண்டு கேட்டாரு? கெட்டிக்காரப் பையன், ராத்திரி குடுத்த சோலியை விடியுறதுக்குள்ள முடிக்கான்னுதான?

— அதைச் செய்தது நீதான்னு மட்டும் அவியகிட்ட சொல்லிடாத மக்கா. உனக்குப் புண்ணியமாட்டுப் போவும்.

— ஓ. இப்பமும் உனக்கு அதுதான் பயம்.

— இல்ல குளோரி, அப்பிடி இல்ல. ஈஸ்டருக்கு நேருல வந்து உனக்க மொகத்தைப் பாத்துச் சொல்லணும்னு நெனச்சிருந்தேன், சத்தியமாட்டு. அந்த ஒரு வரி மாயமாட்டுப் போவேல்லன்னா, இப்பிடிப் போன்ல நீ அறியும்படி ஆயிருக்குமா?

— மாயமாட்டுப் போவேல்ல பிரபின். காலம்பற உனக்க ஆபீஸ் சோலிக்குச் சர்வருக்குள்ள கேறினப்பம் இந்தப் பக்கத்தைக் கண்டேன், அந்த வரியை அழிச்சது நான்தான். ஒருக்கா உனக்க வாயால சொல்லுவியான்னு பாத்தேன்.