ஒரு ஆளுக்கு ஒரு கட்டம்

கிட்ட வந்து குந்து தம்பி. காத்துல நீ கேக்கறது காதுல வுழல. அந்தப் பேப்பரு மேல ஒரு கல்லு வெய்யி, பறந்துடப் போவுது.

இன்னா கேட்ட? ஊருக்கு இன்னா கொறையா?

உனக்கு மின்ன, மொத தடவ வந்தவரும் இதத்தான் கேட்டாரு. வூடு தேடி வந்த மனுசன்கிட்ட எடுத்த எடுப்புல யாராவது கொறை சொல்லுவாங்களா? ஒரு கொறையும் இல்லீங்கன்னுதான் இங்க ஆரம்பிக்கறது. அவரு குந்தி, சாமக்கஞ்சி குடிச்சப்புறம்தான் மத்ததெல்லாம். அப்படித்தான் சொன்னோம். பாதை இல்லாதது, புள்ளப்பேறுக்கு டோலி கட்டித் தூக்கினு போறது, எல்லாந்தான். அவரும் பக்கம் பக்கமா எழுதினாரு, பாவம்.

எம் மருமவ பாஞ்சாலை, மலைய எறங்கி ஆலங்காயத்துக்குப் புளி விக்கப் போவா. அவகிட்ட புளி வாங்கற ஜோசபின்னு ஒரு பொண்ணு, அந்தப் பேப்பருங்க போற ஆபீசுலதான் வேலை. நாம பேசினதப் படிச்சு, பெரிய தாள்ல கட்டம் போட்டுப் பிரிக்கற வேலையாம். ரோடு ஒரு கட்டம், தண்ணி ஒரு கட்டம், நர்சு ஒரு கட்டம். கொறை இல்லாதவங்களுக்குக் கடைசிக் கட்டம். ஒரு ஆளுக்கு ஒரு கட்டந்தான்க்கா, மொத வார்த்தை எதுவோ அதுலதான் போடச் சொல்லிக்கீறாங்கன்னு சொல்லிச்சாம். எங்க ஊரு மொத்தமும் கடைசிக் கட்டத்துல குந்தினு இருந்துச்சு.

ஆமா, சிரிப்பாத்தான் இருக்கும் உனக்கு.

பாஞ்சாலை வூடு வூடா போயி சொன்னா. மறுக்கா வந்தா வாயத் தொறந்ததும் நர்சுன்னு சொல்லுங்க, மேல ஒண்ணும் பேசாதீங்கன்னு. ஏண்டி, கஞ்சி கூட ஊத்தக் கூடாதான்னு கேட்டா ரத்தினம்மா. நர்சுன்னு சொல்லிட்டு ஊத்து ஆயான்னா.

சொன்னோம்பா. மறு வருசம் ஐப்பசியில வந்தாங்க, ஒருத்தர் பாக்கி இல்லாம சொன்னோம். இன்னா பிரயோசனம். ஊருல தலை கம்மியாம், நர்சு போட முடியாதாம். நீயும் எழுதிக்கோ, நான் வேணாங்கல.

பாஞ்சாலையா? அவளக் கேக்க முடியாதுப்பா. அந்த ஐப்பசியிலயே போய்ட்டா, வயித்துப் புள்ளையோட. ஆலங்காயம் ஆசுபத்திரி வரைக்கும் தாங்கல.

டோலியில எறக்கினு போறோம், பேப்பர்காரரு எதிர்ல ஏறி வர்றாரு. நிறுத்துங்கன்னா. எம் புள்ள முடியாதுன்னான். பக்கத்துல இருந்த மரத்தப் புடிச்சுக்கினா, வுடல. என்னுதையும் எழுதிக்கோங்கன்னா. அவரு பேரு, வயசுன்னு மொதல்லேர்ந்து கேட்டாரு. வலி வந்தா கண்ண மூடிக்குவா, வுட்டா பதில் சொல்லுவா. கொறை கேட்டாரு. நர்சுன்னா. அவருக்கு மனசு தாங்கல, டோலியப் பத்தி, அவ படற பாட்டப் பத்தி எழுத ஆரம்பிச்சாரு. அஞ்சாவது வரைக்கும் படிச்சவளாச்சே, தலையத் தூக்கி எட்டிப் பாத்தா. அதெல்லாம் வேணாங்க, கோடு போட்டு அடிங்க, நர்சு மட்டும் இருக்கட்டும்னா. அவரு அடிச்சு முடிக்கற வரைக்கும் பாத்துனே இருந்தா. அப்புறந்தான் மரத்த வுட்டா.