ஒத்தை நோட்டோட பின்பக்கம்

இல்ல தம்பி, இந்த ஒத்தை ரூபா நோட்டோட முன்பக்கம் வேணாம். அந்தச் சிங்கத்தைப் பெருசு பண்ணி நான் என்ன செய்யப் போறேன்? திருப்புங்க. ஏர் பிடிச்சு நிக்கிறான் பாருங்க ஒரு விவசாயி, அது நான்தான்.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிச்சாச்சு. நோட்டு அடிக்கிற அச்சகத்துல நான் பேப்பர் ஸ்டோர் கிளார்க். வயல்ல காலை வச்சதே கிடையாது. எங்க ஓவியருக்கு அவ்வளவு தூரம் போக சோம்பேறித்தனம். என்னை மொட்டை மாடிக்கு இழுத்துட்டுப் போய், தலையில துண்டைக் கட்டி, கையில ஒட்டடைக் குச்சியைக் குடுத்துட்டாரு. அதான் ஏர். மாடா? பியூனோட சைக்கிள். கொம்பெல்லாம் அப்புறமா வரைஞ்சுக்கிட்டாரு.

பின்னாடி வரப்புல தூக்குச்சட்டியோட ஒருத்தி வர்றா பாருங்க. லென்ஸ் வச்சுப் பாருங்க. என் வீட்டுக்காரி. நிஜமாவே எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவதான். என் கோலத்தைப் பார்த்ததும் பல்லு தெரியச் சிரிச்சுட்டா. அந்த மனுஷன் சத்தமில்லாம அவளையும் சேர்த்து வரைஞ்சுட்டாரு.

நோட்டு வெளிய வந்ததும் வீடு ரெண்டாயிடுச்சு. கண்டவன் சட்டைப் பையிலயும் என்னைப் போட்டு வச்சிருக்கீங்களேன்னு கத்திட்டு மூணு நாள் பேசல. கேமரான்னாலே தூணுக்குப் பின்னாடி ஒளியிறவ தம்பி. எங்க கல்யாணப் படத்துல அவ முழங்கைதான் இருக்கு. அடையாள அட்டையிலகூட கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருக்கா. கடைக்காரன் மீதிக்கு இந்த நோட்டை நீட்டினா போதும், சில்லறையாக் குடுன்னு சண்டைக்கு நிப்பா.

நோட்டு இத்துணூண்டு இருக்கே ஏன்னா, பெரிய நோட்டுக்கு வெட்டினது போக மிச்சப் பேப்பர்ல அடிச்சது. ஒரு வருஷம்கூடத் தாங்காது, கந்தலாயிடும். கடைசியில நோட்டோட மதிப்பைவிட அடிக்கிற செலவு ஜாஸ்தின்னு நிறுத்திட்டு நாணயம் விட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டோம். இவளுக்கு ஒரே கொண்டாட்டம். அப்பாடா, தப்பிச்சேன்னா. இது ஒண்ணை மட்டும் அவளுக்குத் தெரியாம பீரோவுல துணிக்கு அடியில வச்சிருந்தேன்.

பெருசு பண்ணினா கோடு கோடாத் தெரியுமா? தெரியட்டும், நோட்டுல எல்லாமே கோடுதானே. அந்தச் சிரிப்பு கெடாமப் பாத்துக்கங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும், நாளைக்குப் பேப்பர்ல போடணும்.

ஐயோ, ரெண்டு பேரும் வேணாம் தம்பி. என்னை வெட்டிடுங்க. நான்தான் இன்னும் உயிரோட இருக்கேனே.