தியோடர் முடித்துவிட்டுப் போன வேலை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, திருமதி நோரா அவர்களே, இதே பெங்களூரின் ஆஸ்டின் டவுனிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, அலுவலக நண்பர்களே, வணக்கம்.

மறைந்த நம் முதுநிலைப் பொறியாளர் தியோடர் அவர்களை ஒரு மணி நேரமாகப் பாராட்டுகிறீர்கள். கேட்கக் கேட்க எனக்குக் குமட்டுகிறது.

ஏழு ஆண்டுகள் அவர் செய்தது என்ன? நாம் எழுதும் புரோகிராம் பெங்களூர் சர்வரில் இருக்கிறது. வாடிக்கையாளர் எழுதுவது அமெரிக்க சர்வரில் இருக்கிறது. தினமும் காலையில் அவர்கள் மாற்றியதை இங்கே இறக்கி, நாம் மாற்றியதை அங்கே ஏற்றி, இரண்டையும் ஒன்றுபோல் வைத்திருந்தவர் அவர். அதை யார் மதித்தோம்? பியூன் வேலை என்றோம்.

எத்தனை முறை என் மேசைக்கு வந்து சொன்னார்! "சாமி, மொதல்ல அப்டேட் பண்ணு. மத்தவங்க என்ன போட்டிருக்காங்கன்னு பாரு. அப்புறம் உன்னுத போடு."

கேட்டோமா? இரண்டு பேர் எழுதியது மோதுகிறது என்று கணினி காட்டினால், அடுத்தவர் எழுதியதைப் படிக்கச் சோம்பல்பட்டு, நம் ஃபைலை அப்படியே அதன்மேல் போட்டோம்.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் அவர் ஒரு பிழையைத் திருத்தினார். ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் பெயரில் அச்சாகும் பிழை அது. இரண்டு சர்வரிலும் ஏற்றிவிட்டே போனார். இரண்டு வாரத்தில் இறந்தார். அதே பிழை திரும்ப வந்திருப்பதாக அந்த வாரமே வாடிக்கையாளர் சொன்னார். நாம் என்ன செய்தோம்? தியோடர் சரியாக முடிக்கவில்லை என்று வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதினோம். அடக்கம் முடிந்த மறுநாள் எழுதினோம். செத்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியம். தூ, இதுவும் ஒரு பிழைப்பா?

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மேலாளர் வைத்தீஸ்வரன் சார், "போதும் சாமி, கீழ எறங்கு" என்கிறார். முடித்துவிட்டு இறங்குகிறேன் சார்.

நேற்று சர்வரின் பழைய பதிவுகளைத் திறந்தேன். அங்கே எதுவும் அழிவதில்லை. தியோடரின் திருத்தம் இருக்கிறது. மறுநாள் மாலை அதன்மேல் பழைய ஃபைலைப் போட்டவரின் பெயரும் இருக்கிறது. சாமிநாதன் என்று இருக்கிறது.

நான்தான். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அப்டேட் செய்யவில்லை. பியூன் வேலை என்று முதலில் சொன்னவனும் நான்தான். எல்லாரையும்விட என்மேல்தான் எனக்கு அருவருப்பு.

இன்று காலை அவர் திருத்தத்தை இரண்டு சர்வரிலும் திரும்ப ஏற்றினேன். வாடிக்கையாளருக்கு என் பெயரைச் சொல்லிக் கடிதம் அனுப்பினேன். வேலை மிஞ்சினால், நாளை முதல் அவருடைய காலை வேலையை நான் செய்வேன்.

கடிதத்தின் நகல் இதோ, நோரா அவர்களே. உங்கள் கணவர் வேலையை முடித்துவிட்டுத்தான் போனார்.