நாற்பத்தொரு திருத்தங்கள்

எனக்கு விமானப் பயணம் ஒத்துக்கொள்ளாது, காது அடைத்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் ஆப்பிரிக்க அரசியல் நடத்தியும் ஒருமுறைகூட அங்கே போகாததற்கு அது ஒன்றே காரணம். மற்றபடி என் பாடநூல் ஐந்து பதிப்பு கண்டது. பிள்ளைகள் என்னை 'ஆப்பிரிக்கா சார்' என்றுதான் சொல்வார்கள். கோபம் வந்தால் என் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

நீங்கள் விசாரிக்கும் மாணவன் அங்கிருந்து உதவித்தொகையில் வந்தவன். நல்ல உயரம் என்பதால் வகுப்பில் அவனுக்கு 'நெட்டை' என்று பெயர். மூன்றாம் வரிசையில் கால் மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருப்பான். மரியாதை தெரிந்த பையன். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

அவனுடைய நாட்டு மக்களுக்குத் தேர்தலில் அக்கறை கிடையாது என்று ஒருநாள் நடத்திக்கொண்டிருந்தேன். கை தூக்கினான்.

"சார், எங்கம்மா ஓட்டுப் போட ரெண்டு நாள் வரிசையில நின்னாங்க. அங்கயேதான் என் தங்கச்சி பொறந்தா."

"தம்பி, நீ சொல்றது ஒரு வரிசை. நான் சொல்றது ஒரு நாடு," என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு பிள்ளைகள் சந்தேகம் கேட்க கேன்டீனில் அவனைச் சுற்றி மொய்த்தார்கள். நான் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு மதியம் என் அறைக்கு வந்து என் பாடநூலை நீட்டினான். ஓரங்களில் பென்சிலால், முத்து முத்தான எழுத்தில், நாற்பத்தொரு திருத்தங்கள்.

"அடுத்த பதிப்புக்கு உதவும்னு நெனச்சேன் சார்."

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நாற்பத்தொன்றும் சரி.

அடுத்த வாரம் அவன் நாட்டுத் தூதரகத்திலிருந்து படிவம் வந்தது. உதவித்தொகை மாணவர்களைப் பற்றி ஆண்டுதோறும் கேட்பார்கள்: வருகை, மதிப்பெண், நடத்தை, அரசியல் ஈடுபாடு. கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதுவதே என் வழக்கம். அது சோம்பேறித்தனம் என்று அன்று பட்டது. 'உண்டு' என்று எழுதினேன். ஆதாரமில்லாமல் எழுதுகிற ஆள் நானல்ல. அவனுடைய கட்டுரையையும் இணைத்தேன். 'எங்கள் அதிபர் ஏன் இறங்க மறுக்கிறார்?' படிவம் வந்த மறுநாள் அவனுக்கு மட்டும் நான் கொடுத்த தலைப்பு அது. "பயப்படாம மனசுல பட்டத எழுதுப்பா," என்று தைரியமும் சொன்னேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டேன். மதிப்பெண்ணில் ஓரவஞ்சனை செய்ய எனக்கு வராது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனவனை அங்கே விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். சிறையில் காய்ச்சல் கண்டு இறந்தான் என்று இரண்டு மாதம் கழித்துக் கல்லூரிக்குத் தகவல் வந்தது. அந்தச் சிறையில் காய்ச்சல் என்றால் என்ன என்பதைப் பற்றி என் நூலில் பதினேழு பக்கம் இருக்கிறது. அவன் பென்சில் படாத பக்கங்கள் அவை.

எழுதும்போதே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தெரியாது என்றால் இத்தனை வருடம் என்னத்தை நடத்தினாய் என்று கேட்பீர்கள்.

அவனுடைய அம்மா துறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். அவர் அழவில்லை.

"அங்கருந்து யாரோ எழுதிப் போட்டிருக்காங்களாம் சார். எம்புள்ள யாருக்கும் கெட்டது நெனைக்கமாட்டானே. யாரு சார் எழுதியிருப்பாங்க?"

கேட்கவே பாவமாக இருந்தது. "உங்க ஊரு அரசியலே அப்படித்தாம்மா," என்று என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன்.