உங்க ஜோடி இருக்காங்களா?

டீக்கு நன்றி, சர்க்கரை மட்டும் வேண்டாம். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டீர்கள். நேரத்தை மதிக்கிறவர்களிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருக்கும்.

முதல்முறையாக வெளிநாடு போகிறவர்களைச் சிறு குழுவாகக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி வருவது என் தொழில். பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள், விமானத்தில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறவர்கள், எல்லோரையும் பார்த்தாயிற்று. என்னோடு வந்த யாரும் தொலைந்ததில்லை. காரணம், நான் தலை எண்ணுவதில்லை. எண்ணினால் தப்பு வரும். பக்கத்துக் குழுக்காரர் ஒருவர் நடுவில் நின்றுவிட்டால் கணக்கு சரியாகிவிடும், நம் ஆள் எங்கோ நின்றுகொண்டிருப்பார். அதனால் ஜோடி போட்டுவிடுவேன். ஒவ்வொருவரும் இன்னொருவருக்குப் பொறுப்பு. வண்டி ஏறும் முன் "உங்க ஜோடி?" என்று கேட்பேன். "இருக்காங்க" என்று பதில் வந்தால்தான் நகர்வோம்.

இந்த முறை ஐந்து பேர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் அவர் மனைவியும் ஒரு ஜோடி. நாள் முழுக்க ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே வந்த மச்சானும் மாப்பிள்ளையும் இன்னொரு ஜோடி. மிஞ்சியவர் தையல்காரம்மா, தனியாக வந்திருந்தார். ஒற்றைப்படையில் ஆள் சேர்ந்தால் மிஞ்சுகிறவர் எனக்கு ஜோடி. அது என் வழக்கம்.

அவரைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தே சேர்த்த பணத்தில் வந்தவர். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மைக்குச் சட்டை போட்டிருந்தால் போதும், அவருக்குக் கால் நகராது. "அந்தக் காலரைப் பாருங்க தம்பி, எங்க மடிச்சிருக்கான்னே தெரியல" என்பார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு என்னைவிட ஒன்றிரண்டு கூட இருந்தால் அதிகம்.

வந்திறங்கிய அன்றே விடுதிக் கழிப்பறையில் மாட்டிக்கொண்டார். அந்த ஊர்த் தாழ்ப்பாளைத் தூக்கித் திருப்ப வேண்டும், இவர் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான்தான் வெளியில் நின்று சொல்லிச் சொல்லித் திறக்கவைத்தேன். வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் வியர்வை.

"மூச்சே நின்னுடுச்சு தம்பி. இனிமே நான் தாழ்ப்பாளே போடப் போறதில்ல. நீங்க வாசல்ல நில்லுங்க, எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு எங்கே போனாலும் கோட்டையும் கைப்பையையும் போனையும் என் கையில் திணித்துவிட்டுத்தான் உள்ளே போவார். நான் வாசலில் நின்று, "சீக்கிரம் வாங்கம்மா" என்பேன். "ஒரு நாளாவது மெதுவா வாங்கம்மான்னு சொல்றீங்களா பாப்போம்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

கூட்டத்தைச் சேர்க்க நான் ஒரு விசில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் நான் ஊதி முடித்ததும் அவர், "தம்பிக்கு மூணு விசில் வந்தாச்சு, யாராவது இறக்கி வைங்க" என்றார். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றோடு எனக்குக் குக்கர் என்று பெயர் விழுந்தது. நான் எல்லோரையும் கேட்டு முடித்ததும் மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "குக்கர் சார், உங்க ஜோடி?" என்பார். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அந்த அம்மா கடைசியில் ஓடிவருவார். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரிப்பேன். இந்தத் தொழிலில் சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மலைக்குப் போவதற்கு முந்தைய நாள் ரயிலைத் தவறவிட்டோம். அந்த நாட்டில் ரயில் யாருக்காகவும் நிற்பதில்லை. எங்கள் மூக்குக்கு முன்னால் கதவு மூடியது. என் தொழிலில் நான் தவறவிட்ட முதல் ரயில் அதுதான். அந்த அம்மா ஏதோ ஒரு கடைக்குள் பொத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்க, உங்க ஜோடிய உங்களால கூட்டிட்டு வர முடியல" என்றார் வங்கி மேலாளர். பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கோபம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம், எனக்குக் கோபம் வருவதில்லை.

மறுநாள் காலையில் அந்த அம்மா ஊசி நூலோடு வந்து நின்றார். என் கோட்டில் ஒரு பொத்தான் போயிருந்ததை நானே கவனிக்கவில்லை. "இதுக்குச் சேர்ற மாதிரி தேடித்தான் தம்பி நேத்து லேட்டாயிடுச்சு" என்று, நின்றபடியே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நான் நன்றி சொன்னேன். அதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

மலை உச்சிக்கு ரோப் காரில்தான் போக வேண்டும். இருட்டும் முன் கடைசி வண்டி இறங்கிவிடும். அங்கே வேலை செய்கிறவர்களும் அதிலேயே இறங்கிவிடுவார்கள். அந்த அம்மா அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைத் தொட்டார். அள்ளி அள்ளிப் பார்த்தார், புதுத் துணியைத் தடவுவதுபோலத் தடவினார். மற்ற நால்வரும் முன்னால் போய் வரிசையில் நின்ற பிறகுதான், என்னோடு பின்தங்கி வந்தவர், "ஒரு நிமிஷம் தம்பி" என்றார். கோட்டு, பை, போன் மூன்றும் என் கைக்கு வந்தன. ரோப் கார் நிலையத்துக்குப் பின்னால் கழிப்பறை தனிக் கொட்டகையாக இருந்தது, உள்ளே சூடேற்றும் வசதி கிடையாது. நான் வாசலில் நின்றேன். அன்று சீக்கிரம் வாங்கம்மா என்று சொல்லவில்லை. பிறகு முன்பக்கம் போய்விட்டேன்.

நிலையத்து ஊழியர் பின்பக்கம் கைகாட்டி, யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அந்த மொழி எனக்கு அந்த அளவுக்குத் தெரியும். யாரும் இல்லை என்றேன். அவர் விளக்குகளை அணைத்துவிட்டு வந்து ஏறினார்.

வண்டிக்குள் நெரிசல். வழக்கம்போல் கேட்டேன். மேலாளர், "இருக்காங்க" என்றார். மச்சான், "இருக்கான், தொலைய மாட்டேங்கிறான்" என்றார். பிறகு மாப்பிள்ளை, "குக்கர் சார், உங்க ஜோடி?" என்றார்.

நான் அப்போதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம், கதவு இன்னும் மூடவில்லை. கொஞ்சம் யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

"இருக்காங்க. தலைவலின்னு முந்தின வண்டியிலேயே இறங்கிட்டாங்க" என்றேன்.

மேலாளரின் மனைவி என் கையைப் பார்த்தார். "கோட்டை விட்டுட்டா போனாங்க?"

"அவங்க எதைத்தான் விடாம போயிருக்காங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பயணத்தில் நான் சொல்லி அவர்கள் சிரித்தது அது ஒன்றுதான். கதவு மூடியது, வண்டி குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது.

விடுதி மலையடிவாரத்தில்தான் இருந்தது. சாப்பிட உட்காரும்போது ஜன்னலுக்கு வெளியே பனி கனத்துப் பெய்ய ஆரம்பித்திருந்தது. மேலாளரின் மனைவிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மாத்திரையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஒரு எட்டு ரூம்ல பாத்துட்டு வந்துடறேனே."

"இப்பதான் பாத்துட்டு வர்றேம்மா. அசந்து தூங்குறாங்க, எழுப்ப வேண்டாம்."

அவர் நின்று யோசித்தார். பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை நீங்கள் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. தாழ்ப்பாளே போடாதவர் ஏன் வெளியே வரவில்லை?

அந்தக் கதவுக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. காற்று தள்ளித் திறந்துவிடாமல் இருக்க வைத்திருக்கிறார்கள். அன்று காற்று இல்லை. அதை நான் போட்டேன்.

உள்ளேயிருந்து மெதுவாகத்தான் தட்டினார். "தம்பி, கதவு மாட்டிக்கிச்சு போல. தூக்கித் திருப்பணுமா?" என்று கேட்டார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கொஞ்ச நேரம் எதையோ உலுக்கிப் பார்த்தார். அப்புறம், "தம்பி, இருக்கீங்களா?" என்றார். ஊர் ஊராக மற்றவர்களை நான் கேட்கிற கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. முன்பக்கம் வரும்வரை தட்டுகிற சத்தம் கேட்டது. ரோப் காரின் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் அதுவும் கேட்கவில்லை.

காத்திருப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அவரை விட்டுவிட்டு ஊர் திரும்புகிற ஆள் நான் இல்லை. காலையில் முதல் வண்டியில் முதல் ஆளாக ஏறினேன். அவருடைய கோட்டை மறக்காமல் எடுத்துப் போனேன். தாழ்ப்பாளை நீக்கினேன். கதவு உள்பக்கம் திறக்கும், அவர் அதன்மேல் சாய்ந்திருந்ததால் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. நான் தள்ளவில்லை. கோட்டைக் கையில் பிடித்தபடி, எப்போதும் நிற்கிற மாதிரி வாசலில் நின்றேன்.

"அவசரமில்ல, மெதுவா வாங்கம்மா" என்று, அவர் கேட்ட மாதிரியே சொன்னேன்.