ஒரே தொழுவத்தில் இரண்டு மகள்கள்

"ஹலோ... டாக்டரம்மாவா? உப்பூர் குருநாதன் பேசுறேன்மா. ஆமா, காளைக்காரந்தான்... லிஸ்ட்டப் பாத்தேன். பால் சொசைட்டிச் செவத்துல ஒட்டியிருக்கு. வினோத்குமார் காளை மொதல்ல, என் காளை ரெண்டாவது... ஆமா ஆமா, மொத்தமே ரெண்டு காளைதான். ரெண்டாவதுன்னா கடைசிதான?"

குரலைத் தாழ்த்தினான். வினோத்குமார் அவன் மனைவி சேதுலட்சுமியின் தம்பி.

"காளைக்கு மாலை போட்டு ஸ்டேட்டஸ் வச்சிருக்கான்மா... நானா? நான் பாக்கல. நாலு தடவதான்... சரி, சொசைட்டிக்கு ஒரு காளைதான் எடுப்பீக. எத வச்சு?... மகளுக கறக்குற பாலு. சரி. அவன் காளை மகளுகளுக்குக் கெணத்துத் தண்ணி, பச்சப்புல்லு, மூட்டைத் தீவனம். என் காளை மகளுக உப்புத்தரையில கருவமரத்து நெத்தப் பொறுக்கித் தின்னுதுக. சராசரி போட்டா வெளங்குமா?... ம்... ம்..."

"அப்ப தாயோட வச்சு மகளப் பாருங்க. தாய் நாலு லிட்டரு, மக ஆறு... என்னது?... ஆமா, தாய் கறந்தது மழையில்லாத வருசம்... மக கறக்குறது மழ பேஞ்ச வருசம்... சரி, கூடுனது காளையாலயா மழையாலயான்னு தெரியாது. சரி."

"மூணாவது வழி நீங்கதான சொன்னீக? ஒரே தொழுவம், ஒரே தீனி, ஒரே வருசம். ரெண்டு காளை மகளையும் பக்கத்துல கட்டிப் பாக்கணும். அதுல தோத்தா நான் வாயத் தொறக்கல. எழுதிக்கங்க."

"...பாத்தாச்சா? அஞ்சு தொழுவம்... நாலுல அவன் காளைக்கு ரெண்டு, என் காளைக்கு ரெண்டா. இன்னும் ஒண்ணுதான் பாக்கியா. அது யாரு வீடு?"

எழுந்து நின்றான்.

"என் வீடா... ஆமா, செவலை. அது சீருல வந்ததும்மா. எம்மக சடங்குக்குத் தாய்மாமன் ஓட்டிட்டு வந்தான், அத நான்... ஆமா, அவன் காளைக்குப் பொறந்ததுதான்... ஆமா, என் காளை மக மயிலைக்குப் பக்கத்துலதான் நிக்குது... ரெண்டும் தலையீத்து, ஒரே மாசந்தான்... எவ்வளவா? மயிலை ஆறும்மா. செவலை அஞ்ச..."

பால் தூக்கோடு சேதுலட்சுமி வாசலில் நின்றாள். இரண்டையும் கறப்பது அவள்தான்.

"...எட்டும்மா."

அவள் உள்ளே போனாள்.

"...ஒரே தீனிதாம்மா... ஆமா... இல்லம்மா. மயிலைக்கு ஒரு கை புண்ணாக்கு கூட வைப்பேன். அவளுக்குத் தெரியாம... ஆமா, வச்சுந்தான் ஆறு... சரி, எழுதிக்கங்க... புண்ணாக்கையுமா? அது வேணாம்மா. அந்தத் தாளையும் சொசைட்டிச் செவத்துலதான ஒட்டுவீக?... ஒட்டுவீகளா... ஹலோ... கேக்கலம்மா..."

அவனே துண்டித்தான்.